நோயெதிர்ப்பியலில் ஆய்வாளராக விரும்பும் ஒரு மாணவிக்கு

கேள்வி: நான் நுண்ணுயிரியல் முதுநிலைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். நோய் எதிர்ப்பு மண்டலத்தை ஆராயும் விஞ்ஞானியாக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் என் ஆய்வுத் திட்டத்தில் ஒரே சோதனை மூன்று முறை தோற்றுவிட்டது. ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் தயாரித்த ஒரு புரதத்தை ரத்த வெள்ளையணுக்களோடு சேர்த்து, அவை வெளியிடும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தின் அளவை எலைசா என்ற சோதனை முறையில் அளந்தேன். சோதனைத் தட்டில் புரதம் சேர்த்த குழிகளில் வரும் உயர்ந்த அளவேதான் சேர்க்காத குழிகளிலும் வருகிறது. எனக்கு மனப்பாடமும் வராது. செல்களின் மேற்பரப்புப் புரதங்களுக்கு இட்ட சிடி எண்களையும், செல்களிடையே செய்தி கடத்தும் இன்டர்லூக்கின் புரதங்களின் வரிசையையும் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. இது மருத்துவம் படித்தவர்களுக்கான துறை என்று சிலர் சொல்கிறார்கள். ஐந்தாறு ஆண்டுகளை முனைவர் பட்டத்துக்குச் செலவிட்ட பிறகு பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்தத் துறை எனக்கு ஒத்துவருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சோதனையிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் மற்றக் கேள்விகளுக்கான விடையில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது.

சோதனை தோற்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. புரதம் சேர்க்காத குழிகள் மூன்று முறையும் ஒரே விதமாக நடந்துகொண்டிருக்கின்றன என்றால், நீங்கள் அறியாத வேறு ஏதோ ஒன்று அந்தச் செல்களைத் தூண்டுகிறது என்பது மூன்று முறை உறுதியாகியிருக்கிறது. என் முதல் சந்தேகம் எண்டோடாக்சின் மீதுதான். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடு என்ற இந்தப் பொருள், ஒரு மில்லிலிட்டரில் ஒரு நானோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே போதும், ரத்தத்திலுள்ள மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் டிஎன்எஃப்பைக் கொட்டத் தொடங்கிவிடும். ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் வைத்தால் பாக்டீரியா சாகும்; எண்டோடாக்சின் அழியாது. கண்ணாடிக் கலங்களிலிருந்து அதைப் போக்க வேண்டுமானால் 250 டிகிரி செல்சியஸ் உலர்வெப்பத்தில் அரை மணி நேரமாவது வைத்தாக வேண்டும். செல்களை வளர்க்க நீங்கள் பயன்படுத்திய ஊடகத்திலோ, சீரத்திலோ, ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த நீரிலோ அது இருக்கக்கூடும்.

வேறு காரணங்களும் உண்டு. ரத்தம் கொடுத்தவருக்கு அன்று லேசான தொற்று இருந்திருக்கலாம். செல்களைப் பிரித்தெடுக்கும்போது முரட்டுத்தனமாகக் கையாண்டிருக்கலாம். அல்லது சேர்த்த குழி, சேர்க்காத குழி இரண்டிலும் அளவு எலைசாவின் அளவுகோட்டின் உச்சியைத் தாண்டிப்போய், வேறுபாடு இருந்தும் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். கடைசிச் சந்தேகத்தைத் தீர்ப்பது எளிது: அதே மாதிரிகளைப் பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்க்கச் செய்து மீண்டும் அளந்து பாருங்கள்.

இதோடு நிற்கவில்லை. ஒருவேளை உங்கள் சோதனை நீங்கள் எதிர்பார்த்தபடியே ‘வெற்றி’ பெற்றிருந்தால், அதாவது புரதம் சேர்த்த குழியில் மட்டும் டிஎன்எஃப் உயர்ந்திருந்தால், உங்கள் நிலை இப்போதிருப்பதைவிட ஆபத்தானதாக இருந்திருக்கும். புரதத்தை ஈ.கோலையில் தயாரித்திருக்கிறீர்கள். ஈ.கோலையின் எண்டோடாக்சின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது மிகச் சாதாரணம். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் தாமாகவே நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டுகின்றன என்று ஒரு காலத்தில் பல ஆய்வுக்கூடங்கள் அறிவித்தன. பின்னர் அவற்றைத் தூய்மையாக்கிப் பார்த்தபோது, அந்த விளைவின் பெரும்பகுதி எண்டோடாக்சின் கலப்படத்தால் வந்தது என்று தெரிந்தது. ஆகவே அடுத்த முறை மூன்று வரிசைக் குழிகளைக் கூடுதலாக வையுங்கள். ஒன்றில் கொதிக்கவைத்த புரதம்: கொதித்தால் பெரும்பாலான புரதங்கள் உருக்குலைந்து செயலிழக்கும், எண்டோடாக்சின் அப்படியே இருக்கும். இன்னொன்றில் பாலிமிக்சின் பி என்ற ஆன்டிபயாட்டிக் சேர்த்த புரதம்: அது எண்டோடாக்சினைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் புரதத்தின் சொந்த வேலையைப் பொதுவாகத் தடுக்காது. மூன்றாவதில், உங்கள் புரதத்தின் மரபணு இல்லாத ஈ.கோலையிலிருந்து அதே முறையில் எடுத்த சாறு. இந்த மூன்றும் சேர்ந்து சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நோயெதிர்ப்பியலாளரின் வாழ்க்கையில் பெரும்பகுதி இப்படித்தான் கழிகிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியமான எதைக் கண்டாலும் எதிர்வினை காட்டுவதற்காகவே உருவானது. நீங்கள் வேண்டுமென்று சேர்த்ததா, தெரியாமல் கலந்ததா என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் மற்ற உயிரியல் துறைகளைவிட இங்கே கன்ட்ரோல் எனப்படும் ஒப்பீட்டுக் குழிகளுக்கு இவ்வளவு மரியாதை. அந்தக் குழி தரும் எரிச்சலூட்டும் எண்ணைப் பார்த்து, ‘இது ஏன்?’ என்று கேட்கத் தோன்றுகிறதா, அல்லது தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு நல்ல எண் வரும்வரை மீண்டும் செய்யத் தோன்றுகிறதா என்பதுதான் இத்துறை ஒருவருக்கு ஒத்துவருமா என்பதை முடிவு செய்கிறது. மதிப்பெண்ணும் நினைவாற்றலும் அதற்குப் பிறகுதான்.

கட்டலின் கரிகோவின் பணியைப் பாருங்கள். ஆய்வுக்கூடத்தில் தயாரித்த ஆர்என்ஏவை மருந்தாகப் பயன்படுத்த முடியும் என்று நம்பி, 1990களில் நிதி உதவி கேட்டு அவர் அனுப்பிய விண்ணப்பங்கள் தொடர்ந்து நிராகரிக்கப்பட்டன. 1995இல் பல்கலைக்கழகத்தில் அவருடைய பதவியே குறைக்கப்பட்டது. பின்னர் ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து அந்த ஆர்என்ஏவை டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் கொடுத்தபோது, அவை அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் புரதங்களை வெளியிட்டன. மருந்தாக வேண்டிய பொருள் அழற்சியைத் தூண்டுகிறது என்றால் அது பெரிய தடை. ஆனால் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏ அந்த எதிர்வினையைத் தரவில்லை. இரண்டும் ஆர்என்ஏதான், பிறகு ஏன் இந்த வேறுபாடு? டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவில் வேதிமாற்றம் பெற்ற நியூக்ளியோசைடுகள் நிறைய உண்டு என்ற பழைய செய்தியை அவர்கள் இங்கே பொருத்திப் பார்த்தார்கள். யூரிடினுக்குப் பதிலாக சூடோயூரிடினை வைத்துத் தயாரித்த ஆர்என்ஏ அந்த அழற்சியைத் தூண்டவில்லை. 2005இல் வெளிவந்த அந்த ஆய்வுக்கு 2023இல் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் கோவிட் தடுப்பூசிகள் அதன்மீது எழுந்தன. தொடக்கப்புள்ளி, ஒரு கன்ட்ரோல் மற்றதைப்போல நடந்துகொள்ளவில்லை என்பதைக் கவனித்தது.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. 1950களில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வு மாணவர், கோழிகளின் பொதுக் கழிவுவாய்க்கு அருகில் இருக்கும் பர்சா என்ற சிறு உறுப்பு எதற்கு என்று தேடிக்கொண்டிருந்தார். அதை அகற்றிய கோழிகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் அவருக்குத் தென்படவில்லை. உடன் படித்த திமோத்தி சாங், எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாவதை வகுப்பில் செய்துகாட்டக் கோழிகள் வேண்டும் என்று கேட்டு அவற்றை வாங்கிச் சென்றார். சால்மோனெல்லா ஆன்டிஜெனைச் செலுத்தியும் அவற்றில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. செய்துகாட்டல் கெட்டுப்போனது. எந்தக் கோழிகளுக்கு அறுவை நடந்தது என்று பதிவேட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அவர்கள் எழுதிய கட்டுரையைப் புகழ்பெற்ற இதழ் ஒன்று ஏற்கவில்லை; 1956இல் அது கோழி வளர்ப்பு ஆய்வுக்கான இதழ் ஒன்றில் வெளியாகி, பல ஆண்டுகள் நோயெதிர்ப்பியலாளர்களின் கண்ணில் படாமலே கிடந்தது. எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் பி செல்களை நாம் இன்று தனி வகையாக அறிவதற்கு அந்தக் கெட்டுப்போன செய்துகாட்டல் ஒரு முக்கியக் காரணம். இங்கே நான் வியப்பது பதிவேட்டை. எந்தக் கோழிக்கு என்ன செய்தோம் என்று யாரோ ஒழுங்காக எழுதி வைத்திருந்தார்கள். அது இல்லையென்றால் அந்தக் கண்டுபிடிப்பும் இல்லை.

உங்கள் ஆய்வேட்டில், மூன்று முறையும் எந்தத் தொகுதி சீரம் பயன்படுத்தினீர்கள், எந்த நேரத்தில் ரத்தம் எடுக்கப்பட்டது, எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு செல்களைப் பிரித்தீர்கள் என்ற விவரங்கள் இருக்கின்றனவா? இருந்தால் நீங்கள் ஏற்கெனவே ஆய்வாளராகத் தொடங்கிவிட்டீர்கள். இல்லையென்றால் இன்றிலிருந்து எழுதுங்கள்.

இனி அன்றாட வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இது தெரியாமல், பரிசு வாங்கியவர்களின் கதைகளை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள் மனமுடைந்து போகிறார்கள். எலிகளை வைத்துச் செய்யும் ஒரு சாதாரண சோதனை நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் எலியைக் கருணையோடும் விதிப்படியும் கொன்று மண்ணீரலை எடுப்பீர்கள். அதை ஒரு நுண்வலையின் மீது வைத்து, ஊசிக்குழாயின் பிஸ்டன் முனையால் மெல்லத் தேய்த்து, செல்களைத் தனித்தனியாகப் பிரிப்பீர்கள். சிவப்பணுக்களை அம்மோனியம் குளோரைடு கரைசலால் உடைத்துக் கழுவிவிட்டால், ஒரு மண்ணீரலிலிருந்து ஏறத்தாழ பத்துக் கோடி வெள்ளையணுக்கள் கிடைக்கும். ஒளிரும் நிறமிகள் பூட்டிய ஆன்டிபாடிகளை அவற்றோடு கலந்து, பனிக்கட்டி மேல் இருட்டில் அரை மணி நேரம் வைப்பீர்கள். பிறகு ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் ஒவ்வொரு செல்லும் லேசர் ஒளியைக் கடந்து செல்லும்போது, அதன் மேற்பரப்பில் எந்தெந்தப் புரதங்கள் உள்ளன என்பது திரையில் புள்ளிகளாக விழும். அதற்குள் மாலை ஆகிவிடும். அந்தப் புள்ளிகளில் எவற்றை எடுத்துக்கொள்வது, எவற்றை விடுவது என்று வேலி போடும் வேலை இரவு வரை நீளும்.

அந்த வேலி போடுவதில்தான் ஆய்வாளரின் நேர்மை தெரியும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி, டி செல் என்ற வெள்ளையணுவுக்குரிய சிடி3யும் பி செல்லுக்குரிய சிடி19உம் ஒருங்கே உள்ள செல்களை ஒருநாள் கண்டார். இதுவரை யாரும் பார்க்காத செல் வகையோ என்ற பரவசம் அவருக்கு. அன்றிரவே அவர் செய்தது என்னவென்றால், ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்களை விலக்கும் வேலியை இன்னும் இறுக்கிப் பார்த்தார். அந்தப் புள்ளிகள் ஏறக்குறைய எல்லாம் மறைந்துவிட்டன. ஒரு டி செல்லும் ஒரு பி செல்லும் ஒட்டிக்கொண்டு ஒன்றாக லேசரைக் கடந்திருந்தன. மறுநாள் காலை ஏமாற்றத்தோடு வந்து சொன்னார். அவரை நம்பி எந்தச் சோதனையையும் ஒப்படைக்கலாம் என்று நான் முடிவு செய்தது அன்றுதான். இறந்த செல்களும் இதே போல் ஏமாற்றும்: எந்த ஆன்டிபாடியைப் போட்டாலும் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இறந்தவற்றைக் காட்டிக்கொடுக்கும் சாயத்தைச் சேர்க்காத ஒரு வரைபடத்தை நான் பார்ப்பதுகூட இல்லை.

எலிகளைக் கொல்வது எல்லாருக்கும் இயலாது. அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம்; மனித ரத்தத்தையும் அறுவையில் அகற்றிய திசுக்களையும் வைத்தே ஆயுள் முழுவதும் ஆராய்கிறவர்கள் உண்டு. நாள்தோறும் எலிகளோடு பழகுகிறவர்களில் சிலருக்கு அவற்றின் சிறுநீரிலும் ரோமத்திலும் உள்ள புரதங்களால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வருவதுண்டு. முகக்கவசத்தையும் கையுறையையும் முதல் நாளிலிருந்தே விடாதீர்கள்.

எலியில் கண்டது மனிதரில் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2006 மார்ச் மாதம் லண்டனில், டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி மருந்து முதன்முறையாக மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டது. டி செல்களின் சிடி28 என்ற புரதத்தைத் தூண்டும் அந்த மருந்தைப் பெற்ற ஆரோக்கியமான ஆறு இளைஞர்களும் சில மணி நேரத்துக்குள் சைட்டோகைன் புயலுக்கு ஆளாகித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள், ஆனால் கடும் பாதிப்புகளோடு. அந்த மருந்தைக் குரங்குகள் முன்பே எளிதாகத் தாங்கியிருந்தன. சோதனைக்குப் பயன்பட்ட குரங்கினத்தின் நினைவு டி செல்களில் ஒரு முக்கிய வகையில் சிடி28 இல்லை, மனிதரில் உண்டு என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு செல் வகையின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி, ஆய்வுக்கூடத்தில் அலுப்பூட்டும் வேலையாகத் தோன்றும்போதெல்லாம் அந்த ஆறு பேரை நினைத்துக்கொள்ளுமாறு என் மாணவர்களிடம் சொல்வேன்.

மனப்பாடம் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். சிடி எண்கள் 350ஐத் தாண்டிவிட்டன. இன்டர்லூக்கின்கள் ஏறத்தாழ நாற்பது. இவற்றை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த நோயெதிர்ப்பியலாளர் யாரையும் நான் பார்த்ததில்லை. அவரவர் கேள்விக்கு வேண்டிய இருபது முப்பதை எல்லாரும் அறிவோம்; மற்றவற்றைத் தேவைப்படும்போது தேடிப் பார்ப்போம். இதைப் படிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒவ்வொரு பாகமும் இல்லாதபோது என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்குவது. 1952இல் ஆக்டன் புரூட்டன், அடிக்கடி நிமோகாக்கஸ் தொற்றுக்கு ஆளான ஒரு சிறுவனின் சீரத்தில் எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலினே இல்லை என்று கண்டார். பி செல்கள் முதிர்ச்சி அடைவதற்கு வேண்டிய ஒரு நொதியின் மரபணுவில் இருந்த பழுதுதான் அத்தகைய சிறுவர்களின் நோய்க்குக் காரணம் என்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்தது. இப்படி ஒரு குழந்தையையும் ஒரு நோயையும் பிடித்துக்கொண்டு படித்தால், பி செல்லும் எதிர்ப்பொருளும் எதற்கு இருக்கின்றன, அவை இல்லாமலே உடல் எந்த வைரஸ்களை ஓரளவு சமாளிக்கிறது என்பதெல்லாம் மறக்காது. மனப்பாடத்துக்குச் செலவிடும் நேரத்தைப் புள்ளியியலுக்கும் ஒரு கணினி மொழிக்கும் கொடுங்கள். ஒரே எலியிலிருந்து எடுத்த பத்தாயிரம் செல்களை அளந்தாலும் அது ஓர் எலியின் அளவீடுதான் என்ற எளிய உண்மையை மறந்து எழுதப்பட்ட கட்டுரைகளை நான் இன்றும் மதிப்பீட்டுக்காகப் பெறுகிறேன். தனிச்செல் மரபணு வரிசையாக்கம் வந்த பிறகு இந்தப் பிழை இன்னும் பெருகியிருக்கிறது.

மருத்துவம் படித்தவர்களுக்கான துறை என்பது சரியல்ல. பீட்டர் டோஹர்ட்டி கால்நடை மருத்துவர். டி செல்கள் வைரஸ் தொற்றிய செல்லை எப்படி அடையாளம் காண்கின்றன என்று ரோல்ஃப் சிங்கர்நாகலோடு சேர்ந்து அவர் கண்டதற்கு 1996இல் நோபல் கிடைத்தது. எதிர்ப்பொருள் மரபணுக்கள் வெட்டி ஒட்டப்படுவதைக் காட்டிய சுசுமு டோனேகவா வேதியியல் படித்து, மூலக்கூறு உயிரியல் வழியாக வந்தவர். நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவருக்கு எழும் கேள்விகள் உங்களுக்கு எழாமல் போகலாம் என்பது மட்டும் உண்மை. அதற்கு, மருத்துவமனையோடு இணைந்து வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தைத் தேடினால் போதும்.

வீட்டாரின் கேள்வி நியாயமானது. அதை மழுப்பக் கூடாது. முனைவர் பட்டத்துக்கு நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு போஸ்ட்டாக் என்ற தற்காலிக ஆய்வுப் பணியில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள், சில வேளை அதற்கும் மேல். அந்தப் பாதையில் நுழைகிறவர்களில் பெரும்பாலோர் சொந்தமாக ஆய்வுக்கூடம் நடத்தும் பேராசிரியர்களாக ஆவதில்லை. பணியிடங்கள் குறைவு, முனைவர்கள் அதிகம். உங்கள் திறமையால் மட்டுமே அதை மாற்றிவிட முடியும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆய்வு நிதி வருவதும் போவதும் ஆய்வாளரின் கையில் இல்லை. ஒரே கேள்வியில் வேறொரு குழு முந்திக்கொள்வதும் உண்டு.

ஆனால் பேராசிரியர் பதவி ஒன்றுதான் இத்துறையின் வேலை என்று உங்கள் வீட்டார் எண்ணியிருந்தால் அதைத் திருத்தலாம். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற மூவரில் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், பரிசுக்குரிய வேலையைச் செய்தது ஓர் உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தில். 1940களில் தற்செயலாகத் தோன்றிய, தன் உடலையே தாக்கும் நோயோடு பிறக்கும் ஓர் எலி வம்சத்தில் பழுது எங்கே என்று தேடி, 2001இல் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டார்கள். மூன்றாமவர் ஷிமோன் சகாகுச்சி. மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் டி செல்கள் உண்டு என்ற கருத்து 1970களில் பெரும் செல்வாக்கோடு இருந்தது. அதற்குச் சான்றாகச் சொல்லப்பட்ட மரபணு, எதிர்பார்த்த இடத்தில் இல்லவே இல்லை என்று 1980களின் தொடக்கத்தில் தெரிந்ததும் துறை முழுவதும் அந்தக் கருத்தையே கைவிட்டது. சகாகுச்சி விடவில்லை. பிறந்த மூன்றாம் நாள், டி செல்கள் முதிர்ச்சி அடையும் தைமஸ் சுரப்பி அகற்றப்பட்ட எலிகளுக்குத் தன்னெதிர்ப்பு நோய் வருகிறது, ஆரோக்கியமான எலியின் டி செல்களைக் கொடுத்தால் அது தடுக்கப்படுகிறது என்ற சோதனை முடிவு அவர் முன்னே இருந்தது. கருத்து செல்வாக்கிழந்தாலும் அந்த முடிவு மாறவில்லை. 1995இல் சிடி25 என்ற அடையாளத்தைக் கொண்டு அந்தச் செல்களைப் பிரித்துக் காட்டினார். அந்தச் செல்கள் உருவாகத் தேவையான மரபணுதான் ஃபாக்ஸ்பி3 என்று பின்னர் தெரிந்தது. இவர்களில் ஒருவர் பல்கலைக்கழகப் பாதையிலும் இருவர் நிறுவனப் பாதையிலும் சென்று ஒரே செல்லை வந்தடைந்தார்கள் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

நிறுவனங்களில் இன்று இத்துறையினருக்கு வேலை கூடியிருக்கிறது. முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்து 1986இல் அனுமதி பெற்றது. இப்போது அத்தகைய மருந்துகள் நூறுக்கும் மேல். டி செல்களை ஆய்வுக்கூடத்தில் மாற்றியமைத்து ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கார்-டி சிகிச்சைக்கு 2017இல் முதல் அனுமதி கிடைத்தது. இவற்றை உருவாக்கவும், தரம் பார்க்கவும், மனிதர்களில் சோதிக்கவும், அனுமதி வழங்கும் அமைப்புகளில் அமர்ந்து ஆவணங்களை ஆராயவும் நோயெதிர்ப்பியல் அறிந்தவர்கள் வேண்டும். உறுப்பு மாற்றுக்கு எச்எல்ஏ என்ற திசு அடையாளங்களின் பொருத்தம் பார்ப்பவர்கள், லுக்கேமியா வகையை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் கண்டறிபவர்கள், தன்னெதிர்ப்பு நோய்களுக்கான ரத்தப் பரிசோதனைகளை மேற்பார்வையிடுபவர்கள் என மருத்துவமனை ஆய்வகங்களிலும் இடம் உண்டு. இவற்றுக்குப் போகிறவர்களைத் தோற்றவர்கள் என்று பேசும் பழக்கம் சில ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. எச்எல்ஏ பொருத்தத்தைத் தவறாகப் படித்தால் ஒரு நோயாளி தன் புதிய சிறுநீரகத்தை இழப்பார். அந்தப் பொறுப்பைத் தாங்குகிறவரைத் தோற்றவர் என்று சொல்பவரிடம் நீங்கள் சேர வேண்டாம்.

நெறியாளரைத் தேர்வதில்தான் நீங்கள் அதிகம் கவனம் செலுத்த வேண்டும். தலைப்பைத் தேர்வதைவிட இது முக்கியம். தலைப்பு இரண்டாம் ஆண்டிலேயே மாறிவிடலாம், நெறியாளர் மாறமாட்டார். அவருடைய கட்டுரைகள் எந்த இதழில் வந்தன என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், அவரிடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே என்ன செய்கிறார்கள், சேர்ந்தவர்களில் முடிக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். இப்போது அங்கிருக்கும் மாணவர்களோடு, நெறியாளர் இல்லாத இடத்தில், தனியாகப் பேசுங்கள். அவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: எதிர்பார்த்த முடிவு வராதபோது வாராந்தரக் கூட்டத்தில் அதைக் காட்ட முடிகிறதா? தயங்கினால், அல்லது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். எதிர்பார்த்த எண்ணை மட்டுமே கேட்க விரும்பும் நெறியாளரிடம், நல்ல மாணவர்கள்கூட காலப்போக்கில் வேலியைத் தளர்த்திப் போடக் கற்றுக்கொள்கிறார்கள். வெளியான கட்டுரைகள் திரும்பப் பெறப்படும் அவலம் பல வேளைகளில் அப்படித்தான் தொடங்குகிறது. அதில் முதலில் பாதிக்கப்படுவது மாணவரின் வாழ்க்கை.

முனைவர் பட்டத்தில் சேருமுன் ஓராண்டு ஆய்வு உதவியாளராக வேலை செய்து பார்க்க வாய்ப்பிருந்தால் செய்யுங்கள். சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாம், ஒத்துவரவில்லை என்றால் பெரிய இழப்பின்றி வெளியேறலாம், வீட்டாருக்கும் அது நம்பிக்கை தரும். அந்த ஓராண்டில் கவனிக்க வேண்டியது, ஒரு வாரம் முழுவதும் எதுவும் சரியாக வராமல் போன வெள்ளிக்கிழமை மாலையில் உங்கள் மனம் எங்கே இருக்கிறது என்பதை. அலுப்பிருக்கும், அது இயல்பு. அலுப்புக்கு அடியில் ‘திங்கட்கிழமை அந்த ஒன்றை மாற்றிப் பார்க்கலாமே’ என்ற எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால் தயங்காமல் சேருங்கள். பல மாதங்களாகியும் அது எழவில்லை என்றால், நான் மேலே சொன்ன வேறு பணிகளில் உங்கள் அறிவுக்கு மதிப்பிருக்கும்.

என் கருத்தைக் கேட்டால், உங்களுக்கு இது ஒத்துவரும் என்றே நினைக்கிறேன். புரதம் சேர்க்காத குழிகளின் அளவை நீங்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்காக வெட்கப்பட்டும் இருக்கிறீர்கள், அந்த வெட்கம் தேவையில்லை. இந்த வாரம் உங்கள் ஆய்வுக்கூடத்தில் எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனைப் பெட்டி இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அருகிலுள்ள மருந்தியல் துறையில் கேட்டுப் பாருங்கள். ஊசிமருந்துகளைச் சோதிக்க அவர்கள் வைத்திருப்பார்கள். உங்கள் ஊடகம், சீரம், நீர், புரதம் நான்கையும் தனித்தனியாக அளந்துவிட்டு, புதிய சீரத்தோடு நான்காம் முறை செய்யுங்கள். கொதிக்கவைத்த புரதத்துக்கான குழிகளை மறக்க வேண்டாம். முடிவு எதுவானாலும் எனக்கு எழுதுங்கள். எலைசாவின் மூல எண்களையும் சேர்த்து அனுப்பினால் அவற்றை வைத்துப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் நோயெதிர்ப்பியல் ஆலோசகர்